லாரி ஓட்டிய விவசாயிகள்: அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டின் சாலைப் போக்குவரத்து வரலாற்றில், காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு லாரி ஓட்டப் போன விவசாயிகளுக்குத் தனி இடம் உண்டு. கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியில், இன்றைய நாமக்கல் மாவட்டத்திலும் அதை ஒட்டிய சங்ககிரிப் பக்கத்திலும், 1950களுக்குப் பின் ஊருக்கு ஊர் இத்தகையவர்கள் உருவானார்கள். மழை பெய்த ஆண்டில் காட்டிலும், பொய்த்த ஆண்டில் ரோட்டிலுமாக அவர்கள் பிழைப்பு நடந்தது. பேச்சில் குசும்பு, ஊரார் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்த சில பழக்கங்கள், கையில் இரண்டு தொழில். இவையே அவர்களின் பொது அடையாளம்.

அந்தத் தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்து ஒவ்வொருவராக மறைந்து வருகிறது. ஊர் முனையில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் உறவினர் பெயர்களும் இருக்கின்றன. அந்த மனிதர் எந்தச் சாலையில் என்ன ஏற்றிப் போனார், என்ன பேசிச் சிரிக்க வைத்தார், எந்தப் பழக்கத்துக்காகக் கிறுக்கர் என்று பெயர் வாங்கினார் என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் குசும்பும் கிறுக்கும் உண்மையில் தொழிலறிவு. சரக்கையும் உயிரையும் பல நேரம் காப்பாற்றியது அதுதான். அவர்கள் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் நிலம். நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதன் தெற்கிலும் மேற்கிலும் காவிரி ஓடுகிறது. ராஜவாய்க்கால் பாயும் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடுகளின் நிலை வேறு. அங்கே சோளம், கம்பு, நிலக்கடலை, ஆமணக்கு, பிற்காலத்தில் குச்சிக்கிழங்கு. எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. கிணறு இருந்த தோட்டங்களில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள். பிறகு ஆயில் என்ஜின் வந்தது, அதற்குப் பின் மின்மோட்டார். ஒவ்வொரு கருவியும் முந்தையதைவிட ஆழத்திலிருந்து நீரை எடுத்தது. கிணறுகளும் ஆழமாகிக்கொண்டே போயின. அண்ணன் தம்பி மூவர் இருந்த வீட்டில் நிலம் ஒருவருக்குத்தான் வேலை கொடுத்தது. மற்ற இருவரில் ஒருவர் லாரியில் ஏறினார்.

லாரி அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 1948இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு இணைந்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து 1954இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கூட்டு 1969 வரை நீடித்தது. இந்த ஆலைகளிலிருந்து வெளிவந்தது பெரும்பாலும் சேஸிஸ் மட்டுமே. கேபினும் பாடியும் வாங்கியவர் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டு வண்டி செய்து பழகிய தச்சரும் கொல்லரும் இருந்த ஊர்களுக்கு இது புதுத் தொழிலைக் கொண்டுவந்தது. நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊராக வளர்ந்து, நாடு முழுவதும் இருந்து சேஸிஸ் வந்து நிற்கும் இடமானது.

ஜாம்ஷெட்பூரிலிருந்து சேஸிஸ் கொண்டுவருவதே ஒரு தனி வேலை. கேபின் கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. சட்டத்தின் மேல் பலகையோ பெட்டியோ வைத்துக் கட்டி அதன்மேல் உட்கார வேண்டும். தலையில் துண்டு, கண்ணில் பூச்சி விழாமலிருக்க ஒரு கண்ணாடி. வெயிலும் மழையும் நேராக மார்பில் அடிக்கும். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் இப்படி ஓட்டி வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றிக் கேட்டால் ‘காத்தோட்டமா வந்தேன்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் குசும்பின் தன்மைக்கு அந்த வரியே சான்று. பட்ட பாட்டை அது மறைக்கவும் இல்லை, அதற்காக அனுதாபம் கேட்கவும் இல்லை.

தொழிலுக்குள் நுழையும் வாசல் கிளீனர் வேலை. பதினைந்து பதினாறு வயதில், பெரும்பாலும் பங்காளியோ மாமனோ ஓட்டிய வண்டியில், பையன் ஏறினான். சம்பளம் பேருக்குத்தான், சாப்பாடும் அவ்வப்போது செலவுக்குக் காசும் கிடைக்கும். வண்டி துடைப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, பின்னால் எடுக்கும்போது பாடியைத் தட்டி ‘வா, வா’ என்று சொல்லிச் சரியான இடத்தில் ‘ஓல்டான்’ என்று நிறுத்துவது, இரவில் சரக்குக்குக் காவல் படுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. கூடவே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறு ஆக்க வேண்டும். ஸ்டீயரிங் அவன் கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவும் ஆளில்லாத சாலையில், அதிகாலையில், வெறும் வண்டியாக இருக்கும்போதுதான். பள்ளிக்கூடம் இல்லாத இந்தப் படிப்பில் பாடம் எல்லாம் வாய்வழிதான். அதனால்தான் சொலவடையும் கேலியும் அதில் நிறைந்திருந்தன. திட்டு மறந்துபோகும், கேலி மறக்காது என்று குருமார்களுக்குத் தெரிந்திருந்தது.

தார்ப்பாய் கட்டுவது அந்தப் படிப்பின் முக்கியப் பாடம். லோடின் மேல் தார்ப்பாயை விரித்து, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்குமோ அதற்கேற்ப முன்மடிப்பு மேலே வரும்படி போட வேண்டும். முன்னே போகும் வண்டியில் காற்று எதிரிலிருந்து வருவதால், முன்பக்கத் தார்ப்பாய் பின்பக்கத்தின்மேல் ஏறியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், காற்று புகுந்து கிழிக்கும். பிறகு கயிற்றைக் குறுக்காகப் போட்டுக் கொக்கியில் மாட்டி, காலைப் பாடியில் உதைத்து ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் விடுபடும்படி அந்த முடிச்சு இருக்க வேண்டும். வைக்கோல் பாரம் கட்டிப் பழகிய விவசாயியின் கைக்கு இது எளிதாக வந்தது. வண்டியில் வைக்கோல் சரியாமல் கட்டத் தெரிந்தவன் லாரியில் பஞ்சுப் பொதியும் சரியாமல் கட்டினான்.

ஓட்டுநர் உரிமம் வாங்கியபின் பெயருக்குமுன் ‘டிரைவர்’ ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து உரிமம் சின்னப் புத்தகம்; புதுப்பித்த முத்திரைகள் பக்கம் பக்கமாக அதில் இருக்கும். வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு விதித்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாமல் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்து ஓட்டிய குடும்பங்களின் ஓட்டுநர்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. கடனில் வாங்கிய சொந்த வண்டியைத் தானே ஓட்டியவருக்குத் தூக்கத்தின் அளவை நிர்ணயித்தது மாதத் தவணைதான்.

சாலை அவர்கள் கண்முன்னேயே மாறியது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாக இந்த வட்டாரத்தின் நடுவில் ஓடியது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபின் அதன் பெரும்பகுதி 44ஆம் எண் சாலையில் சேர்ந்தது. நான்குவழிச் சாலை வருவதற்குமுன் அது எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கிப் போக வேண்டிய தார்ச்சாலை. பவர் ஸ்டீயரிங் இல்லை. கியர் மாற்ற ‘டபுள் கிளச்’ போட வேண்டும்: ஒரு முறை கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரைத் தட்டி என்ஜின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடி கிளச்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். காது கேட்டுச் சொல்ல, காலும் கையும் செய்ய வேண்டிய வேலை அது. என்ஜின் கேபினுக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்த வண்டிகளில் அதன் சூடு இடது காலைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள தொப்பூர்க் கணவாய் இவர்கள் எல்லோரும் பேசும் இடம். இறக்கம் நீளமானது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் மோதிய வண்டிகள் அங்கே ஏராளம். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கட்டாய விதி. அதைக் கிளீனர் பையனுக்குச் சொல்லும்போது, ‘நியூட்ரல்ல மிச்சம் பண்ணுற டீசலு உன் கருமாதிச் செலவுக்குக்கூடக் காணாதுடா’ என்கிற வகையில்தான் சொல்வார்கள். பையன் சிரிப்பான், விதி அவன் மண்டையில் தங்கிவிடும்.

மாநில எல்லை தாண்டுவது இன்னொரு பாடு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்த நிலையை, 1975இல் வந்த தேசிய பர்மிட் திட்டம் ஓரளவு எளிதாக்கியது. 2010இல் அது மேலும் எளிமையானது. ஆனாலும் 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்படும்வரை, வாளையாறு போன்ற எல்லைகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போனது. ஓட்டுநரின் கணக்கு நோட்டில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. டீசல், படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், கிரீஸ், தார்ப்பாய்த் தையல் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி வரும். ரசீது இல்லாத காசெல்லாம் அந்த வரிக்குள் அடக்கம். ஓனரும் அதை விளக்கம் கேட்க மாட்டார்.

குசும்பு பிறந்தது இந்தச் சூழலில். ஓட்டுநருக்கு அதிகாரம் இல்லை, அலுவலகம் இல்லை, வெளிமாநிலத்தில் சொந்தக்காரர் இல்லை. வாய்தான் அவருக்குத் துணை. கொங்குப் பேச்சின் ‘ங்க’ மரியாதை இதற்கு நன்றாக உதவியது. மரியாதை குறையாமலே சுருக்கென்று சொல்லிவிடலாம். புக்கிங் ஆபீஸில் புரோக்கர், ‘லோடு இருக்குது, வாடகைதான் கொஞ்சம் கம்மி’ என்றால், ‘பரவால்லீங்க, வண்டிகிட்டச் சொல்லி டீசலையும் கொஞ்சம் கம்மியாக் குடிக்கச் சொல்லிப்போடறனுங்க’ என்பது போல மறுமொழி வரும். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. வாடகை கட்டாது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அடுத்த வாரமும் அதே புரோக்கரிடம் லோடு கேட்டு நிற்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

விவசாயத்தைப் பற்றிய பேச்சிலும் இதே முறைதான். ஊருக்கு வந்த டிரைவரிடம் வெள்ளாமை எப்படி என்று கேட்டால், ‘போன வருசம் மழையில்லாமப் போச்சு, இந்த வருசம் வெலையில்லாமப் போச்சு, அடுத்த வருசத்துக்கு எதையின்னுதான் தேடோணும்’ என்கிற மாதிரிப் பதில் வரும். மானாவாரி விவசாயத்தின் பொருளாதாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. விளையாத ஆண்டில் விற்கச் சரக்கு இல்லை. விளைந்த ஆண்டில் எல்லோருக்கும் விளைந்து விலை விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வீட்டை நிறுத்திப் பிடித்தது லாரி வருமானம்.

பேச்சு இன்னொரு வேலையும் செய்தது. இரவு இரண்டு மணிக்குமேல் கண் சொக்கும். அப்போது கிளீனர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் தூங்கினால் டிரைவரும் தூங்குவார். ஊர்க் கதை, சொந்தக்காரர் சண்டை, விடுகதை, பாட்டு, கேலி என்று விடியும்வரை ஓடும் அந்தப் பேச்சு இருவர் உயிரையும் காத்தது. நாலு பேர் கூடிய இடத்தில் விடாமல் கதை சொல்லும் வயதான டிரைவரை ஊர் ‘வாயாடி’ என்கிறது. முப்பது நாற்பது ஆண்டு இரவுகளில் விழித்திருப்பதற்காகப் பழகிய பேச்சு அது.

கிறுக்கு என்று ஊர் சொன்ன பழக்கங்களுக்கும் இதேபோல் காரணம் உண்டு. டிரைவராக இருந்தவர் எந்த வண்டியைக் கிளப்பும் முன்னும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சைக்கிளாக இருந்தாலும், மகன் வாங்கிய காராக இருந்தாலும் அப்படித்தான். லாரிக்கு அடியில் நிழலுக்காக மனிதரோ நாயோ படுத்திருக்கும் என்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். டயரை இரும்பு லிவரால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பதும் அப்படித்தான். பின்சக்கரம் இரட்டை, உள்டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. காற்று நிறைந்த டயர் தட்டும்போது கணீரென்று எதிர்க்கும், இறங்கியது மொத்தென்று அடங்கும். இதே காதைக் கொண்டு தென்னையில் காய் முற்றிவிட்டதா, மோட்டாரில் பேரிங் போகிறதா என்பதையும் அவர் சொல்லிவிடுவார்.

வண்டியோடு பேசும் பழக்கமும் பலருக்கு உண்டு. மேட்டில் திணறும் லாரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுப்பார்கள். ஏர் மாட்டோடு பேசி உழுதவர்களுக்கு அது இயல்பாக வந்தது. வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருப்பவர்தான் அப்படிப் பேசுவார். ஓட்டுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட மறுப்பது, கல்யாண வீட்டில்கூட வாசலைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்துவது, கட்டிலில் தூக்கம் வராமல் திண்ணையில் படுப்பது, தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாமல் டீக்கடைகளால் சொல்வது என்று பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சாலையில் கற்ற பாடம் ஒன்று உண்டு.

லாரியின் மேனியும் அவர்கள் பேசிய இடம்தான். குலதெய்வத்தின் பெயர் முன்நெற்றியில், பிள்ளைகளின் பெயர்கள் கேபின் ஓரத்தில், ‘கடவுள் துணை’ கண்ணாடிக்கு மேலே. பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ என்பதோடு, பொறாமைக்காரருக்கு ஒரு வார்த்தை, அவசரக்காரருக்கு ஒரு வார்த்தை. தூரிகையால் எழுதும் பெயின்டர்கள் இந்த வாசகங்களை நாடெங்கும் அனுப்பினார்கள். எந்த வாசகம் எழுத வேண்டும் என்று வண்டிக்காரர் பாடி பட்டறையில் நின்று முடிவு செய்வார். அது அவர் எழுதி வெளியிட்ட ஒரே வரியாகவும் இருக்கக்கூடும். ஆயுத பூஜைக்கு ஏர்க்கலப்பையும் மண்வெட்டியும் லாரியும் ஒரே வாசலில் கழுவிப் பொட்டு வைக்கப்பட்டன. அந்த வீட்டில் எல்லாமே தொழில் கருவிதான். பூசையில் பாகுபாடு இல்லை.

டிரைவர் சாலையில் இருந்த நாளெல்லாம் காட்டைப் பார்த்தது மனைவி. விதைப்பு, களை, கடலை பிடுங்கு, ஆள் கூப்பிடுவது, கூலி கொடுப்பது, மாடு கறப்பது, சொசைட்டியில் கடன் கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் மனைவியின் தலையில். எப்போது வருவார் என்று தெரியாத கணவருக்கு, செல்போன் இல்லாத காலத்தில், செய்தி அனுப்ப வேறொரு டிரைவரே தபால். நிலம் விற்றுப்போகாமல் நின்ற வீடுகளில் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பெண்களே. லாரி ஓட்டிய விவசாயியின் வாழ்க்கையை எழுதும்போது பாதிப் பக்கம் அவர்களுக்குப் போக வேண்டும்.

1970களுக்குப் பின் தொழில் கிளை விட்டது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊரானது. அங்கிருந்து போன வண்டிகள் வட மாநிலங்கள் வரை பூமியைத் துளைத்தன. தன் கிணறு வற்றியதால் காட்டை விட்டவர், ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நாமக்கல்லில் சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகள் பெருகின. தென்னிந்திய அடுப்புகளுக்குப் போகும் எரிவாயுவில் கணிசமான பங்கு இந்த ஊர்க்காரர்களின் வண்டிகளில் போகிறது. கோழிப்பண்ணைகள் வளர்ந்தபின் தீவன மக்காச்சோளம் உள்ளே வருவதும் முட்டை வெளியே போவதும் லாரியில்தான். மேட்டுக்காட்டு விவசாயத்தால் மட்டும் இந்த மாவட்டம் இன்றைய நிலைக்கு வந்திருக்காது.

இந்த வாழ்க்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். விபத்தில் ஒரே மகனை இழந்த வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தவணை கட்ட முடியாமல் வண்டியும், அதற்கு ஈடு வைத்த காடும் சேர்ந்து போனவர்கள் உண்டு. முதுகுவலி, மூலம், சர்க்கரை, கண் கோளாறு ஆகியவை தொழில் நோய்கள் போலவே வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நாமக்கல் மாவட்டத்தையும் அது கடுமையாகத் தாக்கியது. பல குடும்பங்கள் அந்தச் சாவுகளை வேறு நோயின் பெயரில் சொல்லின. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்த வாழ்க்கை, மருத்துவ அறிவு எட்டாத நிலை, கேட்கக் கூச்சம் ஆகியவை சேர்ந்து ஏற்படுத்திய இழப்பு அது. இறந்தவர்கள் மேல் பழி போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அறுபதை நெருங்கும்போது பெரும்பாலோர் காட்டுக்குத் திரும்பினார்கள். லாரியும் துண்டு துண்டாக அவர்களோடு வந்தது. பழைய தார்ப்பாயில் கடலை காய்ந்தது. ஓடித் தேய்ந்த டயர் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. பாடிப் பலகை தொழுவத்துக்குக் கதவானது. டீசல் கேனில் மருந்து கலக்கக் கூடாது என்று பேரனுக்குப் பாடம் நடந்தது. இரவில் நாலு முறை எழுந்து மோட்டார் போடுவது அவர்களுக்குச் சிரமமாக இல்லை. தூக்கத்தைத் துண்டு போட்டுத் தூங்க அவர்கள் முன்பே பழகியிருந்தார்கள். வெகு தூரத்திலிருந்து கேட்கும் ஹார்ன் சத்தத்தை வைத்து அது லேலண்டா டாடாவா என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் டீக்குப் பந்தயம் கட்டுவது அவர்களின் பொழுதுபோக்கு.

அதற்குள் தொழில் வேறாகிவிட்டது. 2018 முதல் சரக்குக்கு மின்வழிச் சீட்டு (இ-வே பில்), 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயம், வண்டி நிற்கும் இடத்தை ஓனரின் கைப்பேசிக்குச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி. கனரக ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் குளிரூட்டிய கேபின் கட்டாயம். இவற்றில் பல, பழைய தலைமுறை பட்ட பாட்டைக் குறைப்பவை, வரவேற்க வேண்டியவை. ஆனால் கிளீனர் இல்லாமலே பல வண்டிகள் ஓடுகின்றன. வாய்வழிப் பாடம் நடக்க இரண்டாவது ஆள் கேபினில் இல்லை. டிரைவர் பிள்ளைகள் என்ஜினீயரிங் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனபின், வீட்டுத் திண்ணையிலும் கேட்க ஆள் இல்லை.

எனவே பதிவு செய்யும் வேலை இப்போதே நடக்க வேண்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பழைய உரிமப் புத்தகம், ஆர்.சி. நகல், பர்மிட், டிரிப் ஷீட், கணக்கு நோட்டு, பாடி கட்டி முடித்த அன்று மாலை போட்டு எடுத்த போட்டோ ஆகியவற்றைப் பழைய பேப்பருக்குப் போடாமல் எடுத்துவைத்துப் படம் பிடிக்கலாம். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் எந்த டிரைவரும் பேச மாட்டார். முதல் வண்டி எது, யாரிடம் கிளீனராக இருந்தார், தொப்பூரில் எந்தக் கியர், எந்த ஊரில் பிரேக் டவுன் ஆகி எத்தனை நாள் கிடந்தார், அப்போது சோறு போட்டது யார், வண்டி வாங்க எந்தக் காட்டை அடமானம் வைத்தார், அதை எப்போது மீட்டார் என்று குறிப்பாகக் கேட்டால் பேச்சு நிற்காது. ஓய்ந்த கிளீனர்களிடமும் பாடி பட்டறைத் தச்சரிடமும் பெயின்டரிடமும், தவறாமல் வீட்டு அம்மாக்களிடமும் கேட்க வேண்டும். அவர் சொன்ன கேலியை நாகரிகப்படுத்தாமல், அவர் சொன்ன கொங்குப் பேச்சிலேயே எழுத வேண்டும். அந்தந்த ஊரின் பள்ளி நூலகமும் கிளை நூலகமும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். லாரி உரிமையாளர் சங்கங்கள் ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்கலாம்.

நாடு முழுவதும் சரக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்த விவசாயிகளின் தூக்கமும் முதுகும் காதும் நாக்கும் முதலாகப் போடப்பட்டிருக்கின்றன. அப்பாருவோ அப்புச்சியோ உயிரோடு இருக்கும் வீடுகளில் அடுத்த விடுமுறைக்குப் போகும்போது இந்த வேலையைத் தொடங்குங்கள். இல்லாத வீடுகளில், அவரோடு ஓடிய டிரைவர் ஒருவராவது பக்கத்து ஊரில் இருப்பார்; அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.